பெருவிரல் வைக்க ஒரு தட்டு

எங்கள் ஆட்களுக்கு நல்லெண்ணெயில் இருக்கிற நம்பிக்கை வைத்தியரிடம் இல்லை. கதவு கிறீச்சிட்டால் நல்லெண்ணெய், தையல் மெசின் இறுகினால் நல்லெண்ணெய், முழங்கால் பிடித்தால் நல்லெண்ணெய். சாமி விளக்குக்கென்று வாங்கும் போத்தலில் பாதிதான் சாமிக்குப் போய்ச் சேரும். ஆகவே என் கணவர் தன்னுடைய கைத்துப்பாக்கியின் திருகாணிகளுக்கும் அதையே பூசியிருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நோய்க்குப் பிறகு இவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரேயொரு ஆசையும் அந்த எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகப் பார்த்தது.

துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். இவர் ரொறொன்ரோவில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட வேலை செய்த ஒருவர் ஒருநாள் நகரத்துக்கு வடக்கே இருக்கிற சூட்டுக் கழகம் ஒன்றுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனார். இரும்புத் தட்டுகளை வரிசையாக நிறுத்தி வைத்து, யார் விரைவாக எல்லாவற்றையும் சுட்டு முடிக்கிறார் என்று பார்க்கிற போட்டி. போனவர் திரும்பி வந்து, தானும் லைசென்ஸ் எடுக்கப் போவதாகச் சொன்னார்.

"கோயிலுக்கு வாங்கோ எண்டால் இடுப்பு நோகுது எண்டுவியள். உதுக்கு மட்டும் நோகேல்லையே?" என்று கேட்டேன். சண்டை பிடித்தேன். சமைத்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். எதற்கும் அசையாமல் இருந்தவர் கடைசியில் மெதுவாக ஒன்று சொன்னார்.

"சுடுற அந்த நேரம் மட்டும் என்ர மண்டைக்குள்ள ஒரு சத்தமும் இல்லையப்பா."

என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை. ஊரை விட்டு ஓடிவந்த எங்கள் எல்லோருக்குள்ளும் ஒரு சத்தம் இருக்கிறது. சரி என்றேன், ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். துப்பாக்கி பேஸ்மென்ற் படி ஏறக்கூடாது. பூட்டிய பெட்டியோடு பக்கக் கதவால் போக வேண்டும், அதே வழியால் திரும்ப வேண்டும். என் சமையலறையிலும் சாமியறையிலும் அதன் நிழல் விழக்கூடாது. இவர் ஒருநாளும் சொல்லுத் தவறியதில்லை. கீழே இரும்புப் பெட்டகத்துக்குள், பூட்டுக்கு மேல் பூட்டாக அது கிடந்தது. வருடக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கண்ணால் கண்டதில்லை.

காரணம் என் அண்ணா. ஊரில் இருந்த காலம், எனக்குப் பதினேழு வயது. மத்தியானம் தலை முழுகிவிட்டு வாசலில் முடி உலர்த்திக்கொண்டு நின்றேன். சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டி வந்தவன் இறங்கவில்லை. பின்னால் இருந்தவன் இறங்கி வேலிப் படலையடிக்கு வந்து, அங்கே நின்ற அண்ணாவிடம் அவருடைய பெயரைச் சொல்லி, "அது நீங்கள்தானே?" என்று மரியாதையாகக் கேட்டான். அண்ணா "ஓம்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. யார் அனுப்பினார்கள், என்ன குற்றத்துக்கு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சுட்டவனுடைய முகம் எனக்கு ஞாபகம் இல்லை. நான் பார்த்தது கையை மட்டும். பிஸ்டலைப் பிடித்திருந்த அந்தக் கையின் பெருவிரல், எங்கே இருப்பது என்று தெரியாததுபோல் மேலே தூக்கிக்கொண்டு நின்று நடுங்கியது. அந்த நகத்தில் ஒரு கறுப்பு இருந்தது. அம்மா அழுது ஓய்ந்த பிறகு, "நீ என்னடி கண்டனீ?" என்று கேட்டபோது அதைத்தான் சொன்னேன்.

"அவன்ர கை நடுங்கினது அம்மா."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப அவனுக்கும் மனம் வரேல்லை," என்றார்.

அந்த ஒரு சொல்லை அம்மா சாகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள், பாவம், அந்தப் பிள்ளைக்கும் மனம் வரவில்லை என்று சாமி கும்பிடும்போது முணுமுணுப்பார். தன் மகனைக் கொன்றவனை வெறுத்து வெறுத்து அவர் களைத்துப்போயிருந்தார், அதனால் அது அவருக்குத் தேவைப்பட்டது. எனக்கும் தேவைப்பட்டது என்பதை ஒளிப்பானேன்? அண்ணாவை நினைக்கும்போதெல்லாம் நானும் அந்த நடுக்கத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அன்றிலிருந்து எவரைக் கண்டாலும் என் கண் முதலில் பெருவிரலுக்குத்தான் போகும். ஐயர் விபூதி தரும்போது, மீன்கடையில் மீன் வெட்டும்போது, பக்கத்து சீற்றில் ஒருவர் போனைத் தடவும்போது எல்லாம் அதுதான். இவரை முதன்முதல் பார்த்தது ரொறொன்ரோவில், பார்க்டேல் பக்கம், எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு அன்ரியின் அப்பார்ட்மென்ற்றில். கல்யாணம் பேச வந்திருந்தார். மற்றவர்கள் மாப்பிள்ளையின் வேலையையும் சாதகத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்க, நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருந்த பெருவிரலைப் பார்த்தேன். அகலமாக, ஆடாமல் அசையாமல் இருந்தது. சம்மதம் என்றேன். பிற்காலத்தில் இதைச் சொன்னபோது இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லகாலம், அண்டைக்குக் கோப்பை சுடேல்லை," என்றார்.

போன வருடம் இவருக்குப் பக்கவாதம் வந்தது. தெய்வாதீனமாக லேசாகத்தான் வந்தது. நடை திரும்பியது, பேச்சுத் திரும்பியது, கார் ஓட்டலாம் என்று வைத்தியர் சொன்னார். துப்பாக்கியைப் பற்றியும் இவர் வெட்கப்படாமல் கேட்டார். வலது கை சரியாக இருக்கிறது, பயமில்லை என்றார்கள். இடது கைப் பெருவிரல் மட்டும் சொல்வழி கேட்க மறுத்தது. சும்மா மேசையில் வைத்தாலே துடிக்கும். கண்ணும் முந்தின கண் இல்லை. துப்பாக்கியில் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முனை, தூரத்தில் தட்டு என்று மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து பார்க்க வேண்டுமாம். இவருக்கு மூன்றும் மூன்று திசையில் போயின.

கழகத்துக்குப் போவதை நிறுத்தினார். ஜன்னலோரக் கதிரையில் இருந்து லோரன்ஸ் வீதியில் போகிற பேருந்துகளைப் பார்த்தார். முதலில் நேரம் பிந்தி வருகிற பேருந்துகளைத் திட்டினார். "உவன் எங்க நித்திரையோ?" என்பார். பிறகு திட்டுவதும் நின்றுபோனது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. திட்டாத மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

பனி கரைகிற நேரம் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இவரே தேடிப்பிடித்து வரவழைத்தது. அதில் ஒரு புள்ளிக் கண்ணாடி இருந்தது. தீப்பெட்டியளவுதான் இருக்கும். அதற்குள்ளால் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அந்தப் புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். மூன்றைப் பார்க்கத் தேவையில்லை, ஒன்றைப் பார்த்தால் போதும். கூடவே, துப்பாக்கியின் உடம்பில் பூட்டுகிற ஒரு அலுமினியத் தகடும், அதன் இடப்பக்கத்தில் பொருத்துகிற ஒரு சின்னத் தட்டும் இருந்தன. இரண்டு கையாலும் பிடித்துச் சுடும்போது துப்பாக்கி மேலே துள்ளுமாம். இடது பெருவிரலை அந்தத் தட்டில் ஊன்றினால் துள்ளாது. பெருவிரல் நடுங்கவும் இடமிராது. இதைச் சொல்லும்போது இவருடைய முகத்தில் பழைய களை தெரிந்தது.

கீழே போய்த் தானே பூட்டினார். சின்னத் திருகாணிகள், ஒற்றைக் கை. உள்ளே போகாமல் அடம்பிடித்ததால், லேசாகப் போகட்டும் என்று சாமியறைப் போத்தலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி விட்டிருக்கிறார். திருகாணி அழகாகப் போனது. அதே அழகோடு கழன்றும் வந்தது.

கழகத்தில் பயிற்சிக்கு நின்றபோது முதல் கொஞ்சம் குண்டுகள் சரியாகப் போயினவாம். பிறகு புள்ளி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். பெருவிரல் தட்டு ஆட்டம் கண்ட பல்லுப்போல ஆடியது. அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பாக நிற்கிற கிழவர் வந்து எல்லோரையும் நிறுத்தச் சொல்லி, துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். "இப்படி ஆடுகிற சாமானோடு என் வரிசையில் நிற்காதே," என்றார். சனிக்கிழமைப் போட்டிக்கு வருவதானால் முதலில் தன்னிடம் காட்ட வேண்டும் என்றார். அதோடு விட்டிருந்தால் இவர் தாங்கியிருப்பார். கிழவர் இவருடைய இடது கையையும் பார்த்துவிட்டார். தோளில் கைவைத்து, "போதும் என்று நினைத்தால் போதும்தான். யாரும் உன்னைக் குறையாக நினைக்க மாட்டார்கள்," என்றாராம்.

அந்த அன்பான சொல்தான் இவரைச் சாய்த்தது. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"எல்லாத்தையும் பொலிசிட்டக் குடுத்திட்டு வரப்போறன்," என்றார்.

இப்போது இந்த நாட்டில் எங்களைப் போன்ற ஆட்கள் கைத்துப்பாக்கி வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. முன்பே வைத்திருந்தவர்கள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். கொடுத்தால் கொடுத்ததுதான், மனம் மாறித் திரும்ப வாங்க வழியில்லை. இத்தனை வருடமும் அந்தத் துப்பாக்கி ஒழிந்துபோகட்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தவள் நான். வரம் தானாகவே வாசலில் வந்து நின்றது. ஆனால் அந்தக் கதிரையில் இருந்த மனிதரைப் பார்த்தேன். இவர் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்து அந்தக் கதிரையிலேயே மிச்சக் காலத்தையும் முடித்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

"திருத்திறவரிட்டக் குடுத்தால் என்ன?" என்றேன்.

"மாசக்கணக்கில வைச்சிருப்பினம். சனிக்கிழமை போகாட்டில் நான் இனிப் போகமாட்டன். எனக்கு என்னைத் தெரியும்."

"கழகத்தில ஆரையும் கேளுங்கோவன்."

"கேட்டு? என்ர கை ஏலாது எண்டு நானே ஊருக்குச் சொல்லவோ?"

நான் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் கணினிக்குள் வைக்கிற மின்பலகைகளைப் பொருத்துகிற வேலை செய்தவள். தலைமயிர் மாதிரித் திருகாணிகளோடு காலம் தள்ளியவள். தொழிற்சாலை மூடியபோது ஆளாளுக்கு ஒரு சாமானைக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் என் திருப்புளியை எடுத்து வந்தேன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் கிளிக் என்று விட்டுவிடும். சமையலறை லாச்சிக்குள் கரண்டிகளோடு கிடந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

"கொண்டு வாங்கோ உதை மேல," என்றேன்.

இவர் நம்பவில்லை. "நீர் கீழ வாருமன்."

"பேஸ்மென்ற் வெளிச்சத்தில எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. நான் மனம் மாறமுதல் கொண்டு வாங்கோ."

மறுநாள் காலை, சமையலறையில் நல்ல வெயில் இருந்தபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். மேல்படியில் நின்று, கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வந்தவர்போல, "வரட்டே?" என்று கேட்டார். நான் தேங்காய் துருவுகிற மேசையில் இலவசத் தமிழ்ப் பேப்பரை விரித்தேன். பூட்டுகளைத் திறந்து, குண்டுக்கூட்டைக் கழற்றி, மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, உள்ளே வெறுமையாக இருப்பதைக் காட்டினார். இரண்டாம் முறையும் காட்டினார். குண்டுகள் கீழே, வேறு பூட்டுக்குள் இருந்தன. அந்த இரும்பு நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. இவ்வளவு காலமும் அதை நான் மனதுக்குள் பெரிதாக வளர்த்து வைத்திருந்திருக்கிறேன்.

கை வைத்ததும் எனக்கு வேலைதான் முன்னுக்கு வந்தது. முதல் திருகாணியைக் கழற்றியவுடனேயே மணந்தது.

"இதென்ன, நல்லெண்ணெய் மணக்குது?"

இவர் ஜன்னலைப் பார்த்தார். "லேசாப் போகட்டும் எண்டு..."

"போனது மட்டுமே? லேசா வந்தும் போச்சுது! கூடவே கொஞ்சம் சந்தனமும் பூசியிருக்கலாமே?"

"சந்தனம் பெட்டிக்குத்தான் வைச்சனான்," என்றார். பார்த்தேன், உண்மையாகவே பெட்டியின் மூலையில் ஒரு பொட்டு காய்ந்து கிடந்தது. புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற சாதி, வேறு என்ன செய்யும்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

காது துடைக்கிற பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு திருகாணியையும், ஒவ்வொரு துளையையும் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது, வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். எண்ணெய் ஒட்டியிருந்தால் திருகாணியை இறுகப் பிடிக்கிற பசை பிடிக்காது. காயவிட்டு, தகட்டை வைத்து, திருகாணி முனையில் கடுகளவு பசை தொட்டு, ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்கினேன். கிளிக். பிறகு கண்ணாடி. பிறகு பெருவிரல் தட்டு. இவர் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாக, கல்யாணம் கட்டிப்போன மகள் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு திருகாணியின் தலையிலிருந்தும் தகட்டுக்கு ஒரு கோடு இழுத்தேன். ஆணி கொஞ்சம் சுழன்றாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலையில் நாங்கள் செய்ததுதான்.

"கண்ணாடி நேர நிக்குதோ எண்டு பாரும். என்ர கண்ணை நம்பேலாது," என்றார்.

பார்ப்பதென்றால் தூக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு அது முதலில் தோன்றவில்லை. திரும்பவும் உள்ளே வெறுமை என்று காட்டி, எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்று சொல்லி, விசையில் விரல் வைக்க வேண்டாம் என்று சொல்லி, என் பின்னால் வந்து நின்றார். நான் தூக்கினேன். அடுப்புக்குப் பின்னால் சுவரில் எப்போதோ தெறித்த குழம்புக் கறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துப் பிடித்தேன்.

சிவப்புப் புள்ளி கறையில் நிற்கவில்லை. மேலே போனது, கீழே வந்தது, ஈப்போலச் சுற்றியது. என் கை நடுங்குவது எனக்கே தெரியாமலிருந்தது, புள்ளி காட்டிக் கொடுத்தது. பெருவிரல் போக்கிடம் தெரியாமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"தட்டில ஊண்டும்," என்றார்.

மற்றக் கையையும் கொடுத்து, இடது பெருவிரலைத் தட்டில் ஊன்றினேன். புள்ளி மெதுவாக அடங்கிக் கறையில் வந்து இருந்தது. எடுத்தேன், நடுங்கியது. ஊன்றினேன், நின்றது. என் மனம் இரண்டு தரமும் ஒரே மனம்தான். கறையில் எனக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அதற்காகக் கை நடுங்காமலும் இல்லை, நிற்காமலும் இல்லை.

நான் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். படலையடியில் நின்ற அந்தக் கை என் கையாகவே எனக்குத் தெரிந்தது. பாரமான இரும்பு, பழகாத விரல், அவ்வளவுதான். அந்த நடுக்கத்துக்குள் இரக்கம் இருந்ததென்று எங்களுக்கு யார் சொன்னது? நாங்களே சொல்லிக்கொண்டோம்.

இவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "என்னப்பா?" என்றார். அண்ணாவின் கதை இவருக்குத் தெரியும், அம்மா சொன்ன சொல்லும் தெரியும். ஆனாலும் கண்ணாடி நேராகத்தான் நிற்கிறது என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை விடியப் போனவர் பின்னேரம் வந்தார். பக்கக் கதவு திறந்த சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கிழவர் கண்ணாடியையும் தட்டையும் பிடித்து ஆட்டிப் பார்த்தாராம். அசையவில்லை. சிவப்புக் கோடுகளைப் பார்த்து, "இது யார் செய்தது?" என்றாராம். மனைவி என்றதும் தொப்பியைத் தூக்கினாராம். போட்டியில் இவர் கடைசி ஆளுக்கு முந்தின ஆளாக வந்தார். அடுத்த போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, வரும் வழியில் பாதையை மறித்து நின்ற பேருந்து ஓட்டுநர் ஒருவனை நெடுநேரம் திட்டினார். எனக்குக் காது குளிர்ந்தது.

திட்டி முடிந்த பிறகு கேட்டேன். "உங்கட கை நடுங்கேக்க, சுட மனமில்லாததாலயோ நடுங்குது?"

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். நான் எங்கேயிருந்து கேட்கிறேன் என்று இவருக்கு விளங்கிவிட்டது. பொய் சொல்லலாமா என்று யோசித்ததையும் முகத்தில் கண்டேன்.

"இல்லையப்பா," என்றார். "மனம் முழுக்க சுடுற இரும்புத் தட்டிலதான் நிக்கும். கை வேற, மனம் வேற."

ஓம் என்று தலையாட்டினேன். நல்லவேளை, அம்மா இதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

வீட்டுச் சட்டம் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் முதல்நாள் பெட்டி படியேறி மேசைக்கு வரும். உள்ளே வெறுமை என்று இவர் காட்டுவார். நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, சிவப்புக் கோடு எதுவும் உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு திருகாணியாகப் பார்ப்பேன், தேவையென்றால் இறுக்கிக் கொடுப்பேன். அந்தத் தட்டில் மட்டும் என் பெருவிரல் படாமல் பார்த்துக்கொள்வேன்.